டிஜிட்டல் நோமாட் விசா எடுத்துக் குடும்பத்தோடு ஒரு வருடம் வெளிநாட்டில் இருந்து வேலை பார்க்க முடியுமா?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம்: ஊர் திருப்பூர். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் டெஸ்டிங். மாதம் 1.3 லட்சம் சம்பளம். மனைவி, யு.கே.ஜி. படிக்கும் பாப்பா. மலேசியாவா, தாய்லாந்தா, போர்ச்சுகலா என்று குழப்பம்.

முடியுமுங்க. ஆனால் எந்த நாடு என்பதெல்லாம் அப்புறம். முதலில் கேட்க வேண்டியது உங்கள் ஹெச்.ஆரை. அதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்று கேள்வியைப் படித்தாலே தெரிகிறது.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம். மொபைல் ஆப்களுக்கு ஸ்கிரீன் டிசைன் செய்து கொடுப்பது தொழில். அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்குக் கான்ட்ராக்டில், தோட்டத்துச் சாளையில் உட்கார்ந்தபடியே செய்துகொண்டிருந்தேன். 2024 ஜனவரியில், பாரியூர் குண்டம் முடிந்த கையோடு, மலேசியாவின் டிஜிட்டல் நோமாட் விசாவான 'டி ரந்தாவ்' பாஸில் பினாங்கு போனேன். கிளம்புவதற்கு முந்தின நாள் பொழுதோட அப்புச்சி (அம்மா வழித் தாத்தா) கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"ஏனம்மணி, அங்க போயும் இதே பொட்டியத்தான் தட்டப்போற?"

"ஆமாங்க அப்புச்சி."

"சம்பளமும் இதே சம்பளந்தானாக்கும்?"

"அதேதானுங்க."

"அப்பறம் அந்த நாட்டுக்காரன் எதுக்கு உன்ன உள்ள உடறான்?"

அவிங்க ஊர் வேலையை நாம் பிடுங்க மாட்டோம், வெளியில் சம்பாதித்த காசை அங்கே செலவு செய்வோம், அதற்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பச் செரி, ஒரம்பரையே அரிசி பருப்போட வந்து எறங்குன மாதிரி" என்றார். ஒரம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளி.

இந்த விசாவை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. 2020-இல் கொரோனாவால் சுற்றுலா படுத்தபோது பார்படாஸ் ஜூலையிலும் எஸ்டோனியா ஆகஸ்டிலும் இப்படி ஒரு விசாவைத் திறந்தன. அடுத்த வருடம் குரோஷியா, அப்புறம் வரிசையாக. எல்லாவற்றுக்கும் அடிப்படை அப்புச்சி சொன்னதுதான். அரிசி பருப்பு உங்களுடையதாக இருக்க வேண்டும். அந்த ஊர்க் கம்பெனியில் போய் வேலை கேட்கக் கூடாது. (எஸ்டோனியாவின் இ-ரெசிடென்சி கார்டை வைத்துக்கொண்டு அங்கே குடியிருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஆன்லைனில் கம்பெனி நடத்துவதற்கான அடையாள அட்டை, அவ்வளவுதான். அதைக் காட்டி அங்கே தங்க முடியாது.)

இப்போது கம்பெனி விஷயம். என் மாமன் பையன் சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருந்தான், முழுக்க வீட்டிலிருந்து வேலை. எந்த வீடாக இருந்தால் என்ன என்று, யாரிடமும் மூச்சு விடாமல் டூரிஸ்ட் விசாவில் பாலி போய் லேப்டாப்பைத் திறந்தான். இருக்கும் இடத்தை மறைக்கும் வி.பி.என். போட்டால் தெரியாது என்று தைரியம். திங்கட்கிழமை காலையில் லாகின் ஆனது, மத்தியானம் அக்கவுண்ட் பூட்டிக்கொண்டது. ஊர் திரும்பி விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகுதான் திறந்துவிட்டார்கள்.

கம்பெனிகள் வீம்புக்காக மறுப்பதில்லை. ஊழியர் ஒருவர் இன்னொரு நாட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்தால், அந்தக் கம்பெனிக்கே அங்கே ஒரு கிளை இருப்பதாக எடுத்துக்கொண்டு வரி கேட்க அந்த நாட்டுக்கு வழி இருக்கிறது. வாடிக்கையாளரின் டேட்டா இந்தியாவை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஒப்பந்தம் இருக்கலாம். என் போன்ற கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. மாதச் சம்பளக்காரர்களுக்கோ, 'இவர் எங்கள் ஊழியர், இந்த நாட்டிலிருந்து வேலை செய்ய எங்களுக்குச் சம்மதம்' என்ற ஒற்றைக் கடிதம்தான் முழு விசாவும். மற்றதெல்லாம் அலைந்தால் கிடைக்கும்.

அலைச்சல் என்றதும் ஞாபகம் வருகிறது, நம் இனிஷியல். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பேர் முழுசாக இருக்கிறது. பேங்க் கணக்கில் முன்னால் ஒற்றை எழுத்து. கான்ட்ராக்டில் அதுவும் இல்லை, வெறும் என் பேர். நமக்கு இது மூன்றும் ஒரே ஆள் என்று பார்த்ததும் தெரியும். விண்ணப்பத்தைப் பார்க்கிறவருக்கு மூன்று பேர். ஸ்டேட்மென்ட்டில் பேரை விரித்து அடித்துத் தரச் சொல்லிப் பேங்குக்குப் போனால், "இனிஷியல்தானுங்க அம்மணி, இதுக்குப் போயி ஏன் வெசனப்படறீங்க" என்று சிரித்தார்கள். மூன்றாவது தடவை போனபோது பாஸ்போர்ட்டையும் விண்ணப்பத்துக்கு வந்த கேள்வியையும் கவுண்டரில் விரித்து வைத்தேன், அப்புறம்தான் கணக்கில் பேர் மாறியது. கான்ட்ராக்டுக்கு, இரண்டு பேரும் ஒரே நபர்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் போட்டேன். போலீஸ் சான்றிதழும் மெடிக்கல் இன்சூரன்சும் இதைவிடச் சீக்கிரம் கைக்கு வந்தன.

மலேசிய விண்ணப்பம் முழுக்க ஆன்லைன். எம்டெக் (MDEC) என்ற அந்த நாட்டு அரசு நிறுவனம் 2022 அக்டோபரில் தொடங்கிய திட்டம் இது. 3 முதல் 12 மாதம் தருவார்கள், இன்னொரு 12 மாதம் நீட்டிக்கலாம். ஐ.டி. வேலைக்காரர்களுக்கு வருட வருமானம் 24,000 டாலர் இருக்க வேண்டும். கட்டணம் 1,000 ரிங்கிட், கூட வருகிறவர்களுக்குத் தலைக்கு 500. நான் கட்டியபோது நம் பணத்தில் பதினெட்டாயிரத்துக்குள் முடிந்தது. இதே வேலைக்குக் கோயமுத்தூர் ஏஜென்ட் ஒருவர் என்னிடம் கேட்டது ஒன்றரை லட்சம். ஃபாரத்தை நிரப்பிக் கொடுக்க!

வரிக்கு வருவோம், அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஏப்ரல் முதல் மார்ச் வரை 182 நாள் இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே ரெசிடென்ட், உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் உடனே என்.ஆர்.ஐ. ஆகிவிடுவோம் என்று நினைக்க வேண்டாம். அந்த வருடத்தில் 60 நாளும் முந்தைய நான்கு வருடங்களில் மொத்தம் 365 நாளும் இங்கே இருந்திருந்தால் அப்போதும் ரெசிடென்ட்டாக மாட்டலாம், விலக்குகள் தனி. மலேசியாவிலும் 182 நாள்தான், ஆனால் அவர்கள் ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணுகிறார்கள். ஈரோட்டு ஆடிட்டர் காலண்டரை என் முன்னால் வைத்து, "உங்களுக்குச் சித்திரைக் கணக்கு, அவிங்களுக்குத் தைக் கணக்கு" என்று பென்சிலால் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். பாஸ் 12 மாதத்துக்கு இருந்தும் அங்கே 182 நாள் ஆவதற்குள், ஜூலை முதல் வாரமே நான் திரும்பியதற்கு அந்தக் கோடு பாதிக் காரணம்.

மீதிப் பாதி, தூக்கம். மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். நியூயார்க்கில் காலை ஒன்பதரைக்கு ஆரம்பிக்கிற மீட்டிங் குளிர்காலத்தில் கோபியில் ராத்திரி எட்டு, பினாங்கில் பத்தரை. பதினொன்றரைக்கு முடித்துவிட்டுச் சாப்பாட்டைத் தேடி இறங்குவேன். விசா, வாடகை, இன்சூரன்ஸ் என்று ஆறு மாதம் ஆராய்ச்சி செய்த நான் இந்த இரண்டரை மணி நேரத்தை ஒருநாள்கூட எண்ணிப் பார்க்கவில்லை. லண்டன் கம்பெனிக்கு வேலை செய்த பக்கத்து அறைப் பெண்ணுக்குக் காலையும் மத்தியானமும் சொந்தம், சாயங்காலம்தான் வேலையே. அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

ஆனாலும் பினாங்கு நல்ல ஊருங்க. ஜார்ஜ் டவுனில் ஓர் அறை, 1,400 ரிங்கிட் வாடகை. தினமும் காலையில் கீழ்க்கடைத் தமிழ்க்காரம்மா "பசியாறியாச்சா?" என்பார். அங்கே காலைச் சாப்பாட்டைக் கேட்பது அப்படித்தான். முதல் நாள் எதையோ பெரிதாக விசாரிக்கிறார் என்று நினைத்து முழித்தேன். அம்மா கட்டிக்கொடுத்த கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையில் கால் கிலோ அவருக்குத்தான் போனது.

இனி உங்களுடைய கணக்கு. 24,000 டாலரை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 2,000. டாலரை 85 ரூபாய் என்று வைத்தாலே 1.7 லட்சம், உங்கள் 1.3 லட்சம் எட்டாது. துபாய் மாதம் 3,500 டாலர் கேட்கிறது. போர்ச்சுகல் தன் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு கேட்கிறது, 2025 கணக்கில் 3,480 யூரோ, நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல். ஜப்பான் 2024-இல் திறந்த விசாவில் இந்தியர்களுக்கு இடமே இல்லை.

மிச்சம் தாய்லாந்து. அங்கே 2024 ஜூலையில் வந்த டி.டி.வி. விசாவில் மாதச் சம்பளத்துக்கு வரம்பு வைக்கவில்லை, கையிருப்பில் 5 லட்சம் பாட் காட்டச் சொல்கிறார்கள். நம் பணத்தில் 12 லட்சத்துக்கு மேல் வரும். ஐந்து வருட விசா, ஒவ்வொரு தடவையும் 180 நாள் தங்கலாம். மனைவி, குழந்தையையும் சேர்த்துக்கொள்ளலாம். தாய்லாந்துக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். அவர்களும் ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் எண்ணுகிறார்கள், 180 நாள் ஆனால் அங்கே வரிக் கணக்கில் ரெசிடென்ட். பாப்பாவின் பள்ளிக்கூடத்தையும் யோசியுங்கள். சர்வதேசப் பள்ளிக் கட்டணத்தைப் பார்த்தால் வாடகை சின்னதாகத் தெரியும். ஏப்ரல், மே விடுமுறையை ஒட்டி மூன்று மாதம் போய்ப் பார்ப்பது நான் சொல்லும் யோசனை.

இந்த வாரமே ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். எந்த நாடு, எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள், சம்பளம் இந்தியக் கணக்குக்கே வரும், இவ்வளவு எழுதினால் போதும். வாய்மொழியாக "பார்த்துக்கலாம்" என்று மேனேஜர் சொன்னால் டிக்கெட் போட்டுவிடாதீர்கள், எழுத்தில் வரட்டும். பதில் வருவதற்குள் உங்கள் பாஸ்போர்ட், பேங்க் பாஸ்புக், ஆபர் லெட்டர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேரை ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுங்கள். பாப்பாவுக்கு இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை என்றால், பிறப்புச் சான்றிதழில் பேர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் ஃபாரத்தைத் தொடுங்கள்.