லீப் முடிந்து 7 வாரத்தில் பாப் ஸ்மியரில் "ஆஸ்கஸ்": திரும்பி வந்துவிட்டதா?

சின் 3-க்காக (கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய தீவிர செல் மாற்றம்) லீப் (மின்கம்பி வளையத்தால் அந்தத் திசுவை வெட்டி எடுக்கும் சிகிச்சை) செய்து 7 வாரத்தில், பாப் ஸ்மியரில் (கருப்பை வாய் செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் டெஸ்ட்) "ஆஸ்கஸ்" என்று வந்ததால் கேட்கிறீர்கள். அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து சின் 3 திரும்பிவிட்டது என்று சொல்லவே முடியாது. 7 வாரம் ரொம்பச் சீக்கிரம். லீப் செய்த இடம் ஆறும்போது புதிதாக வளரும் செல்களே மைக்ராஸ்கோப்பில் கொஞ்சம் விகாரமாகத் தெரியும். "ஆஸ்கஸ்" என்றால் "என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்பதுதான் அர்த்தம். இந்த பாப் ஸ்மியரை இப்போதே எடுத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இப்போது பார்க்க வேண்டியது லீப்பில் வெட்டி எடுத்த திசுவின் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட். அதில் "மார்ஜின்" (வெட்டிய திசுவின் ஓரம்) என்ற வரியைத் தேடுங்கள். நெகட்டிவ், அதாவது ஓரத்தில் மாறிய செல்கள் இல்லை என்றால் நல்லது. பாசிட்டிவ் என்றால் அந்த செல்கள் உள்ளே மிச்சம் இருக்க வாய்ப்பு கூடுதல். ஆனாலும் பலருக்கு அதுவும் தானாகவே சரியாகிவிடுகிறது.

அடுத்து, லீப் முடிந்து 6-வது மாதத்தில் எச்பிவி டெஸ்ட் (இந்த செல் மாற்றத்தை உண்டாக்கும் வைரஸுக்கான பரிசோதனை) கேளுங்கள். பாப் மட்டும் போதாது. மிச்சத்தைக் கண்டுபிடிப்பதில் எச்பிவிதான் கூர்மை. அமெரிக்க வழிகாட்டுதலில் 6 மாதம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 12 மாதம். டாக்டர்கள் வேறு வேறு தேதி சொல்வதற்கு ஒரு காரணம் இதுதான். எச்பிவி பாசிட்டிவ் வந்தால் கால்போஸ்கோபி (கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது). நெகட்டிவ் வந்தாலும் விட்டுவிடாதீர்கள்: அமெரிக்கக் கணக்கில் மூன்று முறை தொடர்ந்து நெகட்டிவ் வரும்வரை வருடாவருடம் டெஸ்ட், பிறகு 3 வருடத்துக்கு ஒருமுறை, குறைந்தது 25 வருடம்.

எச்ஐவி இருந்தாலோ எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிட்டாலோ இந்த அட்டவணை மாறும். காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், நாப்கின் நனையும் அளவு ரத்தம் இருந்தால் 6 மாதம் காத்திருக்காமல் உடனே போங்கள்.