ஒரே ரயில் தொழில்நுட்பம் கனடாவின் வான்கூவரில் வளர்ந்ததும் டொராண்டோவில் மறைந்துபோனதும் ஏன்?

வான்கூவரின் நகர ரயிலான ஸ்கைட்ரெயினும் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஓடிய ஆர்டி (விரைவு ரயில்) பாதையும் 1985ஆம் ஆண்டிலேயே, நேரியல் தூண்டல் மோட்டாரில் (சக்கரத்தைச் சுழற்றாமல், காந்தப்புலத்தால் ரயிலை நேராக முன்தள்ளும் மோட்டார்) ஓடும் ஒரே வகை ரயில்களுடன் திறக்கப்பட்டன. ஆகவே இந்த வேறுபாட்டுக்குத் தொழில்நுட்பத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

வான்கூவர் ரயில்களை ஓட்டுநரின்றி இயக்கியதால், ஆட்செலவு அதிகம் கூடாமல் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி விட முடிந்தது. 2002இல் மில்லேனியம் பாதை, 2016இல் எவர்கிரீன் நீட்சி என வலையமைப்பு விரிந்தது. மெட்ரோடவுன் போன்ற நிலையங்களைச் சுற்றி அடுக்குமாடிகள் எழுந்து பயணிகளையும் பெருக்கின. டொராண்டோவிலோ ஒவ்வொரு வண்டியிலும் பணியாளர் இருந்தார். ஆறு நிலையங்களுக்கு மேல் பாதை ஒருபோதும் நீளவில்லை.

அந்தப் பாதைக்கு மாற்றாக இலகு ரயிலா, சுரங்க ரயிலா என்று டொராண்டோ மாநகர மன்றம் ஆண்டுக்கணக்கில் முடிவை மாற்றிக்கொண்டிருக்க, 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டதோடு சேவையே நின்றுபோனது. மூன்றே நிலையங்கள் கொண்ட சுரங்க நீட்சி முடியும்வரை, தமிழர் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோ மக்கள் பேருந்தில்தான் செல்ல வேண்டும் என்பது, என் பார்வையில், அந்தத் தடுமாற்றத்தின் மிகக் கொடிய விலை.

வான்கூவரும் தவறியதுண்டு: 2009இல் அங்கு திறந்த 'கனடா பாதை' என்ற வழித்தடத்தில் செலவைக் குறைக்க நடைமேடைகளை நீளம் குறைவாகக் கட்டியதால், நீண்ட ரயில்களை விட இயலாது.