முயலுக்குச் சிறுநீர் கசிகிறது: வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

கேள்வி: எங்கள் பெண் முயலுக்கு 7 வயது. கொஞ்ச காலமாகப் படுத்த இடத்திலேயே சிறுநீர் கசிகிறது. பின்பக்க ரோமம் எப்போதும் ஈரமாக, நாற்றத்துடன் இருக்கிறது. இதற்கு மருந்து உண்டா, அல்லது வயதாகிவிட்டது என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானா?

பதில்: ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டு முயல்கள் பொதுவாக 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழ்கின்றன. 7 வயது முதுமையின் வாசல்தான். அந்த வயதில் சிறுநீர் தானாகக் கசிகிறதென்றால் அதற்குப் பின்னால் வலியோ, கல்லோ, கிருமியோ, நரம்புக் கோளாறோ ஏதோ ஒன்று இருக்கிறது. வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு அதைத் தேடாமல் இருந்தால் முயல் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டே இருக்கும். வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம். என்னிடம் இருந்த ஆண் முயலுக்குக் கடைசி ஆண்டுகளில் முதுகெலும்புத் தேய்மானத்தால் இதே தொல்லை இருந்தது. நான் மருத்துவர் அல்ல. அதைப் பராமரித்த அனுபவத்திலிருந்தும், எங்கள் கால்நடை மருத்துவர் பொறுமையாகச் சொல்லித்தந்ததிலிருந்தும் எழுதுகிறேன்.

முதலில் இது கசிவுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கருத்தடை செய்யாத முயல் தன் எல்லையைக் குறிக்க ஆங்காங்கே பீய்ச்சும்; அது நோயல்ல. சிறுநீரகம் பழுதான முயல் நிறையத் தண்ணீர் குடித்து, நிறையச் சிறுநீர் கழித்து, அதற்கென வைத்த ட்ரேயை எட்டுவதற்குள் வழியிலேயே விட்டுவிடும். மூட்டுவலி உள்ள முயலுக்கு ட்ரேயின் விளிம்பைத் தாண்டுவதே பெரும்பாடு. உண்மையான கசிவு வேறு மாதிரி: தூங்கி எழுந்த இடம் நனைந்திருக்கும், தூக்கும்போது சொட்டும், முயலுக்கே அது தெரிந்திருக்காது. நீங்கள் சொல்வது இந்த வகையாகவே தோன்றுகிறது. ஆனாலும் ஓரிரு நாள் தண்ணீரை அளந்து ஊற்றி, மீந்ததை அளந்து பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லி வரை குடிப்பது இயல்பு. அதை வெகுவாகத் தாண்டினால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து, சிறுநீரையே உற்றுப் பாருங்கள். முயலின் உடல் கால்சியத்தைக் கையாளும் விதம் தனி. பிற விலங்குகளின் குடல் தேவைக்கு ஏற்ற அளவே உறிஞ்சும். முயலின் குடலோ கிடைப்பதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிட்டு, மிகுதியைச் சிறுநீரில் தள்ளிவிடும். பெரும்பாலான பாலூட்டிகளில் சிறுநீர் வழியே வெளியேறும் கால்சியம் 2 சதவீதத்துக்கும் குறைவு. முயலில் அது 45 முதல் 60 சதவீதம். அதனால் முயலின் சிறுநீர் கலங்கலாக இருப்பதும், காய்ந்தபின் துணியில் வெள்ளைப் பொடியாகப் படிவதும் இயல்பே. அது குழைத்த சுண்ணாம்பு போலக் கெட்டியாக வந்தால்தான் கவலைப்பட வேண்டும். கையுறை போட்ட விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். இந்தக் கசடு சிறுநீர்ப்பையின் அடியில் தேங்கினால் பை முழுதாகக் காலியாகாது. மேலே நிற்கும் நீர் மட்டும் வழிந்துகொண்டே இருக்கும். பையின் சுவர் புண்ணாகும், நாளடைவில் கசடு கல்லாகவும் இறுகும். எக்ஸ்ரேயில் இரண்டும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். கசடு என்றால் உடலில் திரவம் ஏற்றி, பையைக் கழுவி வெளியேற்றுவார்கள். கல் பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சைதான்.

சிறுநீர் செந்நிறமாக இருந்தால் உடனே இரத்தம் என்று பதற வேண்டாம். நிறமிகளால் முயலின் சிறுநீர் ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் மாறுவதுண்டு. கண்ணால் பார்த்து அதைப் பிரித்தறிய முடியாது. மருத்துவமனையில் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் முயலுக்குக் கருத்தடை ஆகியிருக்கிறதா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆகவில்லை என்றால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. 4 வயதைக் கடந்த, கருத்தடை செய்யாத பெண் முயல்களில் கருப்பைப் புற்றுநோய் மிகப் பரவலானது. சிறுநீரோடு வரும் இரத்தம் அங்கிருந்து வருவதாக இருக்கலாம். கருத்தடை ஆகியிருந்தால் வேறொரு வாய்ப்பு உண்டு. சினைப்பைகள் அகற்றப்பட்ட சில பெண் முயல்களில் ஹார்மோன் குறைவால் சிறுநீர்த் தாரையைப் பிடித்து நிறுத்தும் தசை தளர்ந்துவிடும். இதற்கு மருந்து இருக்கிறது. மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கிய பிறகே மருத்துவர் அதைத் தருவார்.

வயதான முயல்களில் முதுகெலும்புத் தேய்மானத்தை நான் முதலில் சந்தேகிப்பேன். ஆரோக்கியமான முயல் சிறுநீர் கழிக்கும்போது பின்புறத்தை உயர்த்தி, வாலைத் தூக்கி, உடலுக்கு வெகு பின்னால் விடும். முதுகு வலித்தால் அந்த நிலைக்கு வர முடியாது. சிறுநீர் தொடையிலும் அடிவயிற்றிலும் வழிந்து இறங்கும். என் முயலின் வால் பாதி எழும்பி, லேசாக நடுங்கி, மறுபடி தாழ்ந்துவிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பை பழுதில்லை, கட்டுப்பாடும் போகவில்லை, வலிதான் காரணம் என்று எக்ஸ்ரே பார்த்தபின் தெரிந்தது. மெலோக்ஸிகாம் என்ற வலி மருந்து தொடங்கிய பிறகு அது மறுபடி ட்ரேயைத் தேடிப் போனது. முற்றிலும் சரியாகிவிடவில்லை, ஆனால் நாள் முழுக்க நனைந்தே கிடந்த உயிர் பெரும்பாலும் உலர்ந்திருந்தது. வலி மருந்தின் அளவை நாய்க்குத் தருவதைப் பார்த்து நீங்களாகக் கணக்கிட வேண்டாம். முயலுக்கு அளவே வேறு, சிறுநீரகத்தின் நிலையும் தெரிய வேண்டும்.

இன்னொன்று என்செபாலிடோசூன் குனிகுலை என்ற நுண்ணுயிரி. பல முயல்களின் உடலில் இது ஓசையில்லாமல் தங்கியிருக்கும். சிலவற்றில் மூளை, தண்டுவடம், சிறுநீரகம் ஆகியவற்றைத் தாக்கும். தலை ஒரு பக்கம் சாய்வது, பின்னங்கால் தளர்வது, சிறுநீர் கசிவது ஆகியவை அதன் அடையாளங்கள். இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) இருப்பதாக முடிவு வந்தால் முயல் எப்போதோ கிருமியைச் சந்தித்திருக்கிறது என்றுதான் பொருள். இன்றைய கசிவுக்கு அதுவே காரணம் என்று ஆகிவிடாது. எதிர்ப்பொருள் இல்லை என்ற முடிவுதான் அதிகம் பயன்படும், ஏனென்றால் பட்டியலிலிருந்து ஒன்றை அடித்துவிடலாம். சிகிச்சையாக ஃபென்பெண்டசோல் மருந்தை வழக்கமாக 28 நாள் தொடர்ந்து தருகிறார்கள். கிருமியின் வித்துகள் சிறுநீரில் வெளிவரும் என்பதால், வீட்டில் வேறு முயல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் குறிப்பிடுங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் வீட்டில் இருந்தால் ஈரத் துணிகளை அவர்கள் கையாள வேண்டாம்.

தூக்கும்போது முயல் திமிறி உதைத்ததாலோ கீழே விழுந்ததாலோ முதுகெலும்பு முறிந்து கசிவு தொடங்குவதும் உண்டு. திடீரென்று, பின்னங்கால் இழுபட, கசிவு வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கிருமித் தொற்றாக இருக்கும் என்று எண்ணி வீட்டில் மீந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அமோக்ஸிசிலின், கிளிண்டாமைசின் போன்றவை வாய்வழி உள்ளே போனால் முயலின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து, நச்சு உண்டாக்குபவை பெருகும். முயல் இறந்தே போகலாம். தொற்று இருந்தால் முயலுக்கு ஏற்ற வேறு மருந்துகள் இருக்கின்றன.

இனி, காரணம் தெரிவதற்கு முன்பும் தெரிந்த பின்பும் உங்கள் கையில் இருப்பது தோல். கசிவால் முயல் உடனே சாவதில்லை. ஆனால் ஈரத்திலேயே ஊறும் தோல் வெந்து, ரோமம் உதிர்ந்து, புண்ணாகி, அந்தப் புண்ணின் மேல் மறுபடி சிறுநீர் படும்போது அது படும் வேதனை கொடியது. தினமும் இருமுறையாவது அடிப்புறத்தைப் பாருங்கள். பார்ப்பதற்காக முயலை மல்லாக்கக் கிடத்தி அசையாமல் இருக்கச் செய்ய வேண்டாம். அப்படிக் கிடக்கும் முயல் நிம்மதியாக இல்லை, பயத்தில் உறைந்திருக்கிறது. தரையில் அமர்ந்து, அதன் முதுகு உங்கள் வயிற்றில் சாய, ஒரு கை மார்பைத் தாங்க, மறு கை பிட்டத்தைத் தாங்க, லேசாக நிமிர்த்திப் பிடியுங்கள். இன்னொருவர் தொடை மடிப்பில் ரோமத்தைக் கட்டை விரலால் விலக்கிப் பார்க்கட்டும். வெளிர் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய தோல் அடர் சிவப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் வேகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கழுவும்போது முழு உடலையும் நனைக்கவே கூடாது. முயல் அதிர்ச்சியடையும், உடல் சூடும் இறங்கிவிடும். ஆழமில்லாத பாத்திரத்தில் 3 அல்லது 4 சென்டிமீட்டர் அளவுக்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றி, அடியில் வழுக்காத துணி விரித்து, பின்புறத்தை மட்டும் நனையவிட்டுக் கையால் மெல்ல அலசுங்கள். வெறும் நீரே போதும். பிறகு துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மேல் ரோமம் காய்ந்துவிட்டதுபோல் தெரியும். புறங்கையை உள்ளே நுழைத்துப் பார்த்தால் அடி ரோமம் இன்னும் சில்லென்றிருக்கும். அது காயும் வரை விடக் கூடாது. ஹேர் டிரையர் பயன்படுத்தினால் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்து, நடுவில் உங்கள் கையை வைத்துச் சூட்டைச் சோதித்துக்கொண்டே இருங்கள். அரைகுறையாகக் காய்ந்த முயலைக் கூண்டில் விடுவதைவிடக் கழுவாமல் ஈரத் துணியால் துடைப்பது மேல். லேசாக நனைந்த நாட்களில் நான் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

சிக்குப் பிடித்த ரோமத்தைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். முயலின் தோல் காகிதத்தைப் போல மெல்லியது, சிக்கோடு சேர்ந்து மேலெழும்பி வந்துவிடும். பின்புறத்தையும் தொடை உட்புறத்தையும் மருத்துவமனையில் இயந்திரத்தால் மழிக்கச் சொல்லுங்கள். ரோமம் குறைந்தால் உலர்த்துவது பாதி வேலையாகிவிடும். ஆனால் பாதத்தின் அடி ரோமத்தைத் தொட வேண்டாம். மெத்தை இல்லாத பாதத்துக்கு அதுதான் காப்பு. டால்கம் பவுடர் மூச்சுக்குழாயைக் கெடுக்கும். களிம்பு எதையும் மருத்துவரைக் கேட்காமல் பூசாதீர்கள், பூசியதை முயல் நக்கித் தின்றுவிடும். டயாப்பரை நான் விரும்புவதில்லை. ஈரத்தை உடலோடு ஒட்டி வைப்பதோடு, முயல் அதைக் கடித்து விழுங்கவும் கூடும்.

படுக்கைக்கு, ஈரத்தைக் கீழே இறக்கிவிட்டு மேற்பரப்பில் உலர்ந்திருக்கும் ஃப்ளீஸ் துணி, அதற்கடியில் உறிஞ்சும் விரிப்பு என இரண்டடுக்காகப் போடுங்கள். கைவசம் பல துணிகள் இருந்தால் மாற்றுவது சுமையாகத் தெரியாது. ட்ரேயின் ஒரு பக்க விளிம்பைத் தாழ்வாக வெட்டி, முயல் அதிகம் படுக்கும் இடத்தருகே வையுங்கள். பைன், தேவதாரு மரச்சீவல் வேண்டாம். நனைந்தால் கட்டியாகும் பூனை மணலும் வேண்டாம்.

சிறுநீர் குறையட்டும் என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நீர் குறைந்தால் கசடு கெட்டிப்படும், குடலும் மந்தமாகும். பாட்டிலைவிடக் கிண்ணத்தில் வைத்தால் முயல் அதிகம் குடிக்கும். கீரையைக் கழுவி நீர் சொட்டச் சொட்டவே கொடுங்கள். உணவின் பெரும்பகுதி உலர்ந்த புல்லாக இருக்கட்டும். குதிரைமசாலில் கால்சியம் மிகுதி, வளர்ந்த முயலுக்கு அது அன்றாட உணவாக வேண்டாம். பெல்லட் தீவனத்தைக் குறைத்து, எடை கூடியிருந்தால் மெல்ல மெல்ல இறக்குங்கள். பருத்த முயலால் குனிந்து தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முடியாது. சத்துக்காக முயல் தானே வாயால் எடுத்துத் தின்ன வேண்டிய மென்புழுக்கையும் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இப்படி வைத்துக்கொண்டிருப்பது முயலுக்குக் கொடுமையாகாதா என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். உணவைப் பார்த்து ஓடிவருகிறதா, காதைத் திருப்பிக் கவனிக்கிறதா, பக்கத்தில் வந்து படுக்கிறதா என்று நான் பார்த்தேன். இவை இருக்கும் வரை பராமரிப்பதில் அர்த்தம் இருக்கிறது. எவ்வளவு பார்த்துக்கொண்டும் புண் ஆறாமல், வலி மருந்தும் பலிக்காமல் போனால், வலியில்லாமல் விடைகொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதில் தவறில்லை. நீங்கள் அந்த இடத்தில் இல்லை. இன்னும் ஒரு எக்ஸ்ரேகூட எடுத்துப் பார்க்கவில்லை.

இந்த வாரமே மருத்துவமனைக்கு நேரம் வாங்குங்கள். முயல்களைப் பார்த்துப் பழகிய மருத்துவராக இருப்பது முக்கியம். முயல் சிறுநீர் கழிக்கும் விதத்தையும் நடக்கும் விதத்தையும் செல்போனில் வீடியோ எடுத்துச் செல்லுங்கள், அங்கே போனதும் அது பயத்தில் அசையாமல் உட்கார்ந்துவிடும். அதுவரை மூன்று விஷயங்களுக்குக் காத்திருக்கவே கூடாது. முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் இருப்பது ஒன்று. 12 மணி நேரம் எதுவும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருப்பது இன்னொன்று. மூன்றாவது, ஈரத்துக்கு ஈ மொய்த்துப் புழு வைப்பது. ஈ இட்ட முட்டைகள் ஒரே நாளில் பொரிந்து, புழுக்கள் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ரோமத்தில் அரிசிக் குருணை அளவில் வெள்ளையாக எதையாவது கண்டால், இரவோ பகலோ, அந்த நேரமே கிளம்பிவிடுங்கள்.