பாட்டுக்குப் பெயர் வந்த வழி

கேள்வி: 'வாராய் நீ வாராய்' காதல் பாட்டுதானே? சேலத்தில் அதை வேறு மாதிரி சொல்கிறார்களே?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: அழைப்பு காதலுக்கு அல்ல, கொலைக்கு! சேலம் ஏற்காடு சாலையில் இருந்த படநிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' (1950) பாட்டு அது. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. மனைவியை மலையுச்சியிலிருந்து தள்ளக் கூட்டிப்போகிறான் கணவன். கடைசியில் விழுவது அவன்தான். படக்கதைக்கு மூலம் குண்டலகேசி காப்பியம், அதில் இன்று கிடைப்பவை 19 பாடல்களே, கதை நீலகேசி என்ற இன்னொரு காப்பியத்தின் உரையால் தப்பியது.

நம் சினிமாப் பாட்டுக்குத் தனித் தலைப்பு கிடையாது, பல்லவியின் முதற்சொற்களே பெயர். தேடும்போது ஒரு சிக்கல்: பல்லவிக்கு முன் தொகையறா (தாளமில்லாமல் பாடும் முகப்பு வரிகள்) இருந்தால் சில பட்டியல்களில் அதன் முதற்சொல்லில் பதிந்திருப்பார்கள். இரண்டிலும் தேடுங்கள்.