மதுரையிலிருந்து நொய்டாவுக்கு ஒரு தேக்கு அலமாரி: குறைந்த செலவில் அனுப்புவது எப்படி?

கேள்வி: மதுரையில் அம்மாவின் வீட்டை விற்றுவிட்டோம். பாட்டி காலத்துத் தேக்கு அலமாரியை மட்டும் நொய்டாவில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவர ஆசை. ஆறரை அடி உயரம், நான்கு அடி அகலம், ஒன்றேமுக்கால் அடி ஆழம். ஒரு கதவில் பழைய ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. இணையத்தில் விசாரித்த அன்றே ஏழெட்டுப் பேர் அழைத்துவிட்டார்கள். ஒருவர் 38,000 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் 14,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொல்லி, 5,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். ரயிலில் அனுப்பினால் மலிவாக இருக்குமா? யாரை நம்புவது?
- வாசகி, நொய்டா

பதில்: அந்த 5,000 ரூபாயை இன்னும் அனுப்பவில்லை என்றால், அனுப்பாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் அலமாரியைப் பற்றிப் பேசுவோம். செலவைத் தீர்மானிப்பது அதன் எடையைவிட, அது அடைத்துக்கொள்ளும் இடம்தான். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

லாரியில் பார்சல் அனுப்பும் நிறுவனங்கள் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம் சொல்வார்கள். அந்தக் கிலோ எது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பொருளைத் தராசில் வைத்துப் பார்த்த எடை ஒன்று. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கிக் கன அடியாக்கி, ஒவ்வொரு கன அடியையும் இத்தனை கிலோவாகக் கொள்வது இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில் போடுவார்கள். ஒரு கன அடிக்கு ஆறு கிலோ என்பார்கள், எட்டு என்பார்கள், பத்து என்பவர்களும் உண்டு.

உங்கள் அளவுகளைப் பெருக்கினால் 45.5 கன அடி வருகிறது. கன அடிக்கு எட்டுக் கிலோ என்று வைத்துக்கொண்டால் 364 கிலோ. உண்மையில் அந்த அலமாரி 130 கிலோ இருந்தால் அதிகம். மீதிக் கிலோவெல்லாம் உள்ளே இருக்கும் காற்றுக்கு. கிலோவுக்கு 15 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், முழு அலமாரிக்கு 5,460 ரூபாய். அதையே பிரித்து, நீளப் பலகைகளை ஒரு கட்டாகவும், தலைப்பலகை, அடிச்சட்டம், தட்டுகளை இன்னொரு கட்டாகவும் கட்டினால் மொத்தம் 18 கன அடிக்குள் அடங்கிவிடும். அப்போது 144 கிலோ, 2,200 ரூபாய்க்கும் குறைவு. இது எடுத்துக்காட்டுக் கணக்குதான். கிலோ கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், விகிதம் மாறாது.

ஆகவே பிரித்து அனுப்புங்கள். அந்தக் காலத்துத் தேக்கு அலமாரிகள் பல, மாடி ஏற்ற வசதியாகப் பிரித்துச் சேர்க்கும்படியே செய்யப்பட்டவை. தலைப்பலகையைத் தூக்கினால் வந்துவிடும். பக்கப் பலகைகளை மரையாணியோ ஆப்போ பிடித்துக்கொண்டிருக்கும். மதுரையில் பழைய மர வேலை தெரிந்த தச்சர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அவருடைய அரைநாள் கூலிதான் இந்த வேலையில் நீங்கள் செய்யும் மிக நல்ல செலவு. பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் இரு துண்டுகளிலும் ஒரே எண்ணைச் சாக்பீஸால் உட்புறமாக எழுதச் சொல்லுங்கள். ஆணி, கீல், சாவியை ஒரு துணிப்பையில் போட்டு உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அவை அலமாரியோடு போகக் கூடாது.

இப்போது அந்தக் கண்ணாடி. இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மேலே சொன்ன கணக்கு எதுவும் இதற்குப் பொருந்தாது. பார்சல் நிறுவனங்கள் கண்ணாடியை உடைந்தால் பொறுப்பில்லை என்று எழுதித்தான் ஏற்றுக்கொள்வார்கள். அவர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை. கதவோடு சேர்த்துக் கட்டி அனுப்பினால், உடையும்போது சட்டத்தின் செதுக்கு விளிம்பையும் சேர்த்துப் பிளக்கும். அதனால் கண்ணாடியைக் கதவிலிருந்து கழற்றியே ஆக வேண்டும். பின்பக்கம் மெல்லிய பலகையும் சிறு ஆணிகளும் இருக்கும். அவற்றைத் தச்சரே எடுத்துவிடுவார். கழற்றும்போது பின்பக்க வெள்ளிப் பூச்சில் விரல்கூடப் படக் கூடாது, பழைய பூச்சு உரிந்து வந்துவிடும். பிறகு செய்தித்தாள், அதன் மேல் பழைய போர்வை, இரு பக்கமும் கண்ணாடியைவிட நான்கு விரல் பெரிதான பிளைவுட், சுற்றிலும் மரச்சட்டம். சட்டத்தின் மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டு, தமிழிலும் இந்தியிலும் ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதுங்கள். கண்ணாடி எப்போதும் நிமிர்ந்துதான் பயணம் செய்ய வேண்டும். படுக்கவைத்தால் ஒரு குலுக்கலில் நடுவே விரிசல் விழும். இத்தனை செய்தும் உடையலாம். அந்தக் கண்ணாடிதான் உங்களுக்குப் பாட்டியின் நினைவு என்றால், மதுரையிலிருந்து யாராவது காரில் வரும் நாள்வரை அதை உறவினர் வீட்டில் விட்டுவையுங்கள். அலமாரிதான் முக்கியம் என்றால், கண்ணாடியை மதுரையிலேயே விட்டுவிட்டு, கதவை மட்டும் அனுப்பி, நொய்டாவில் அதே அளவுக்குப் புதுக் கண்ணாடி வெட்டி மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டாவதையே நான் சொல்வேன்.

ரயிலைப் பற்றிக் கேட்டீர்கள். மதுரையிலிருந்து நேராக டெல்லியின் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்துக்குப் போகும் ரயில்கள் இருக்கின்றன: தமிழ்நாடு சம்பர்க் கிராந்தி, கன்னியாகுமரியிலிருந்து மதுரை வழியாக வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ். ஆனாலும் உங்களுக்கு ரயில் வேண்டாம். நீங்களே அதே ரயிலில் பயணம் செய்து லக்கேஜாகப் பதிந்தாலும், 100 கிலோவுக்கு மேற்பட்டதும், 1 மீட்டர், 1 மீட்டர், 70 சென்டிமீட்டர் என்ற அளவைத் தாண்டியதும் பெரும்பொருள் என்று இரட்டிப்புக் கட்டணம். உங்கள் நீளப் பலகையே இரண்டு மீட்டர். அது போக, பல ரயில்களின் பார்சல் பெட்டி இடத்தை ரயில்வே தனியாருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறது. கவுன்ட்டரில் இடமில்லை என்பார்கள். வாசலில் நிற்கும் ஆள் இடம் இருக்கிறது என்பார். நாட்டின் மிகப் பெரிய போக்குவரத்து அமைப்பு, ஒரு சாதாரணக் குடிமகன் ஒற்றைப் பொருளை அனுப்ப வந்தால் இப்படி அலைக்கழிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. காணாமல்போனாலோ உடைந்தாலோ, மதிப்பை முன்கூட்டியே அறிவித்து அதற்கான கட்டணம் கட்டியிராவிட்டால், பார்சலுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய்தான் உச்சவரம்பு. 130 கிலோ தேக்குக்கு 6,500 ரூபாய். பெட்டியில் அடங்கும் புத்தகங்கள், பாத்திரங்கள், இருசக்கர வாகனம் என்றால் ரயில் நல்ல வழி. அலமாரிக்கு இல்லை.

நீங்கள் போக வேண்டிய இடம், வடமாநிலங்களுக்குத் தினமும் சரக்கு ஏற்றும் லாரி பார்சல் அலுவலகம். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்று பெயர்ப்பலகை வைத்த இடத்துக்குப் போகாதீர்கள். ஜவுளி, நோட்டுப்புத்தகம், எவர்சில்வர் வியாபாரிகள் யார் வழியாக டெல்லிக்கு அனுப்புகிறார்கள் என்று மதுரையில் இரண்டு கடைகளில் விசாரித்தாலே தெரிந்துவிடும். தினமும் தங்கள் சரக்கை நம்பி ஒப்படைப்பவர்கள் அவர்கள். நேரில் போங்கள், அல்லது உறவினர் ஒருவரை அனுப்புங்கள். கட்டணம் எந்த எடைக்கு, கன அடிக்கு எத்தனை கிலோ கணக்கு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, ரசீதுக் கட்டணம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். வழியில் எத்தனை இடத்தில் இறக்கி மாற்றுவார்கள் என்றும் கேளுங்கள். பொருள் அடிபடுவது பெரும்பாலும் ஓடும் வண்டியில் அல்ல, குடோனில் இறக்கி ஏற்றும்போதுதான். ஒரே மாற்றத்தில் போகும் நிறுவனம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் அதையே எடுங்கள்.

வீடுவரை கொண்டுவந்து தருவதற்குத் தனிக் கட்டணம் போடுவார்கள். அது பெரும்பாலும் நியாயமாக இருக்காது. குடோன் டெலிவரி என்று பதியுங்கள். ஆனால் எந்தக் குடோன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டெல்லி என்றால் பலருக்குச் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர்தான். அது நகரின் வடமேற்குக் கோடி, நீங்கள் இருப்பது கிழக்கே. நொய்டாவிலோ காஜியாபாத்திலோ கிளை உள்ள நிறுவனம் கிடைத்தால், அங்கிருந்து ஒரு டாடா ஏஸ் வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். வந்த சரக்கை நாள்கணக்கில் எடுக்காமல் விட்டால் டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

அலுவலகத்தில் இ-வே பில் (சரக்கைக் கொண்டுசெல்ல ஜி.எஸ்.டி.யில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) இல்லாமல் எடுக்க மாட்டோம் என்று சொல்லக்கூடும். பயன்படுத்திய சொந்தப் பொருட்களுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் இ-வே பில் தேவையில்லை. ஜி.எஸ்.டி. விதி 138-இன் இணைப்பிலேயே அது இருக்கிறது. ‘பழைய வீட்டு உபயோகப் பொருள், விற்பனைக்கு அல்ல’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, அடையாள அட்டை நகலுடன் கொடுங்கள். லாரி ரசீதிலும் அதே வாசகத்தை எழுதச் சொல்லுங்கள். இந்த விதி எத்தனையோ ஆண்டுகளாக இருக்கிறது, இன்றும் கவுன்ட்டரில் இருப்பவருக்கு நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி அந்த ஏழெட்டு அழைப்புகள். நீங்கள் இணையத்தில் எண்ணைக் கொடுத்த இடம் ஒரு லாரியும் வைத்திருக்காத தரகு நிறுவனமாக இருக்கலாம். உங்கள் எண்ணை ஒரே நேரத்தில் பலருக்கு விற்றிருப்பார்கள். அழைத்தவர்களிலும் பலருக்குச் சொந்த வண்டி கிடையாது. 14,000 ரூபாய்க்காரர், நான் பார்த்தவரை, இப்படித்தான் வேலை செய்வார்: முன்பணம் வாங்குவார். இரண்டு ஆட்கள் வந்து அலமாரியை ஏற்றிக்கொண்டு போவார்கள். அதை ஏதோ ஒரு பார்சல் அலுவலகத்தில், நீங்களே கட்டியிருக்கக்கூடிய கட்டணத்தைக் கட்டிப் பதிவார். மூன்றாம் நாள் தொலைபேசி வரும். அளந்து பார்த்தோம், அளவு அதிகம் என்பார். அல்லது எல்லைச் சோதனைச்சாவடியில் வண்டியைப் பிடித்துவிட்டார்கள், வரி கட்ட உடனே பத்தாயிரம் அனுப்புங்கள் என்பார். பொருள் அவர் கையில், நீங்கள் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். பலரும் அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தச் சோதனைச்சாவடிக் கதை பொய். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததோடு மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன. வண்டியின் பெர்மிட், அதிகப் பாரம் போன்றவற்றுக்கு அபராதம் விழுந்தால் அது வண்டிக்காரருடைய சிக்கல், உங்களுடையது அல்ல. பிரபல நிறுவனத்தின் பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைத்துக்கொள்வதும், இந்திய வங்கிகள் சங்கத்தின் (ஐ.பி.ஏ.) அங்கீகாரம் பெற்றவர்கள் என்று பொய்யாகப் பில்லில் அச்சடித்துக்கொள்வதும் இந்தத் தொழிலில் தினமும் நடக்கிறது. ஜி.எஸ்.டி. எண்ணை வாங்கி, அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். அதே பெயர் வரவில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். பணம் தனிநபரின் யு.பி.ஐ. கணக்குக்குப் போகிறது என்றாலும் அப்படியே.

38,000 ரூபாய்க்காரர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவர் முழு வீட்டையும் மாற்றித் தரும் சேவைக்கான விலையை உங்கள் ஒற்றை அலமாரிக்குச் சொல்கிறார். உங்களுக்கு அது தேவையில்லை.

காப்பீடு என்று மூன்று விழுக்காடு, நான்கு விழுக்காடு சேர்த்து வாங்குவார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் உங்கள் பெயரும் உள்ள சான்றிதழ் கையில் வராதவரை அது காப்பீடு அல்ல, அவர்களுடைய லாபம். சட்டத்தில் உங்களுக்கு உள்ள பாதுகாப்பு வேறு. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், 2011-இல் வந்த விதிகளின்படி, கூடுதல் கட்டணம் கட்டி உயர் மதிப்பைப் பதியாவிட்டால், இழப்பீடு நீங்கள் கட்டிய கட்டணத்தைப் போல் பத்து மடங்கைத் தாண்டாது. நீங்கள் எழுதிக் கொடுத்த மதிப்பையும் தாண்டாது. ஆகவே மதிப்பைக் குறைத்து எழுதச் சொன்னால் கேட்காதீர்கள். 2,200 ரூபாய் கட்டணத்துக்கு 22,000 வரை கிடைக்க வாய்ப்பு உண்டு. அது போதாது என்று நினைத்தால், பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் நேரடியாகச் சரக்குக்கான பயணக் காப்பீடு (டிரான்சிட் இன்சூரன்ஸ்) எடுங்கள்.

குடோனில் பொருளை எடுக்கும்போது, கையெழுத்துப் போடுவதற்கு முன் கட்டுகளை எண்ணுங்கள், சுற்றிலும் பாருங்கள், படம் எடுங்கள். கிழிசலோ அடியோ இருந்தால் டெலிவரி நகலிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள், பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள். வழக்குக்குப் போக வேண்டுமென்றால் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். பொருள் வந்து சேர்ந்த நாளிலிருந்து என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

ஒருவேளை முன்பணத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? அப்படியானால் அலமாரியை அவர்களிடம் கொடுக்காதீர்கள். 5,000 போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பதிவை ரத்து செய்கிறேன் என்று வாட்ஸ்ஆப்பில் எழுதி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அவர் தொலைபேசியையே அணைத்துவிட்டு மறைந்துவிட்டால், சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ உடனே அழையுங்கள். பணம் இன்னொரு கணக்குக்கு மாறுவதற்கு முன் தடுக்க முடிகிறதா என்பது நீங்கள் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.