வாய் நாற்றத்துக்கு வயிற்றைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: தினமும் காலையில் பல்பொடி போட்டுப் பத்து நிமிடம் அழுத்தித் தேய்க்கிறேன். இரவில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஆனாலும் வாய் நாறுகிறது. வயிற்றுச் சூடு என்று கடையில் கேட்டு மருந்து வாங்கிச் சாப்பிடுகிறேன். பல்லை கிளீன் செய்தால் ஆடிப்போகும் என்கிறார்களே, நிஜமா?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: வயிற்றை விடுங்கள். உணவுக்குழாய் விழுங்காத நேரத்தில் மூடியே கிடக்கும். ஏப்பம் வந்தாலொழிய வயிற்று வாடை மேலே வராது. நாற்றம் பெரும்பாலும் வாயிலேயே பிறக்கிறது. நாக்கின் பின்பகுதியிலும் ஈறு இடுக்கிலும் தங்கும் கிருமிகள் புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுவை விடுகின்றன. தூங்கும்போது எச்சில் குறைவதால் அது இன்னும் கூடும். சாயங்காலம் தின்ற தட்டுவடை செட்டின் கேரட், பீட்ரூட் துருவல் பல் இடுக்கில் விடியும்வரை ஊறினால், காலைத் தேய்ப்பு எதை ஈடுகட்டும்? (பூண்டுச் சட்னி வாடை வேறு சங்கதி. ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வருவது, தானாகத்தான் அடங்கும்.)

இரவுத் தேய்ப்புதான் முக்கியம். சாஃப்ட் பிரஷ், பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட். ஈறும் பல்லும் சேருமிடத்தில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்னதாக அசையுங்கள். 2 நிமிடம் போதும். நுரையைத் துப்புங்கள், உடனே தண்ணீர் விட்டு அலசினால் ஃபுளோரைடும் போய்விடும். பொடியை அழுத்தித் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள்: எனாமல் தேயும், ஈறு விலகி வேர் தெரியும், பிறகு மோர் குடித்தாலும் கூசும்.

நாக்கு வழிப்பதில் பலர் நுனியோடு நின்றுவிடுகிறார்கள். நாக்கை நன்றாக நீட்டி, குமட்டாத அளவு உள்ளே வைத்து முன்னால் இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் வழிப்பானைக் கழுவுங்கள். மஞ்சள் படிவு வருவது நின்றால் போதும், ரத்தம் வரச் சுரண்ட வேண்டாம்.

கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஃபிளாஸ் நூலை விட்டெடுத்து முகர்ந்து பாருங்கள். நாறினால் அதுதான் இடம். நூலில் ரத்தக்கறை தெரிந்தால் ஈறு புண்பட்டிருக்கிறது. அங்கே காரை (கல்லாக இறுகிப்போன பல் அழுக்கு) இறுகியிருக்கக்கூடும். அது எந்த பிரஷுக்கும் பெயராது, நீங்கள் கேட்ட ‘கிளீன்’, அதாவது பல் மருத்துவர் காரையைப் பெயர்த்தெடுக்கும் ஸ்கேலிங்தான் வழி. ஸ்கேலிங்கால் பல் ஆடாது. காரை சேர்ந்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்ததால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லை அந்தக் காரையே இறுக்கிப் பிடித்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். தள்ளிப்போட்டால் மிச்ச எலும்பும் போகும். இந்த வாரமே பல் மருத்துவரைப் பாருங்கள். அதன்பிறகும் நாற்றம் நீடித்தால் சர்க்கரை பரிசோதித்து, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் டான்சிலைக் காட்டுங்கள்.