'குடன்ட் பி ஹேப்பியர்' பாராட்டா, குறையா?

இலங்கையின் எல்ல ஊரில் ஹோம்ஸ்டே நடத்துகிறீர்கள், தங்கிப்போன ஒருவர் 'வீ குடன்ட் பி ஹேப்பியர்' என்று எழுதியிருக்கிறார், இது குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பாராட்டுதான், அதுவும் உச்சத்தில்: இதைவிடச் சந்தோஷப்பட இடமே இல்லை என்கிறார். ஆனால் 'குடன்ட்'டில் இருக்கிற 'நாட்' என்ற மறுப்பு இல்லாமல் 'குட் பி பெட்டர்' என்று வந்தால் ஆள் முகம் சுளித்திருக்கிறார், தேத்தண்ணியோ குளிக்கிற சுடுதண்ணியோ சரியில்லை. நீங்கள் எழுதும்போது 'மோர் ஹேப்பியர்' வேண்டாம், ஒப்பீடு இரண்டு தடவை வருகிறது. பயண முகவருக்கு மெயில் என்றால் 'மோர் தேன் சட்டிஸ்ஃபைட்' மரியாதையாக இருக்கும். அப்புறம், 'பெட்டர் தேன் எக்ஸ்பெக்டட்' என்பதை யோசித்துப் போடுங்கள், முதலில் உங்களிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை என்ற வாடையும் அதில் அடிக்கும்.